இன்பத்தில் விழுந்த ஓட்டை

பாவசங்கீர்த்தனத்தில் ஒரு பாவத்தை நான் இதுவரை பாதிதான் சொல்லியிருக்கிறேன். "ஒரு வேலையைக் கவனக்குறைவாகச் செய்துவிட்டேன், ஃபாதர்" என்பது சொன்ன பாதி. அவரும் இதெல்லாம் ஒரு பாவமா என்கிற மாதிரி, மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொல்லாத பாதியில் என் தங்கையின் கல்யாணமும், ஓர் அப்பாவி மாப்பிள்ளையும், மேசைமேல் வைக்கிற பைண்டிங் மிஷின் ஒன்றும் இருக்கின்றன. அதற்கு மூன்று போதாது என்று எனக்கே தெரியும்.

இன்றைக்கு எங்கள் கோயில் பங்கில் யாருக்கு எதை பைண்டிங் செய்ய வேண்டுமென்றாலும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகம், தவக்காலத்துச் சிலுவைப்பாதைப் புத்தகம் எல்லாம் என் கையால்தான் ஓட்டை வாங்குகின்றன. வருகிறவர்களுக்குப் புத்தி சொல்லாமல் நான் அனுப்புவதில்லை. டைப் அடிக்கும்போதே பைண்டிங் வருகிற பக்கம் ஒரு விரல் அகலம் இடம் விடு என்பேன். நல்ல தாளில் கை வைக்கும் முன் வேண்டாத தாளில் ஒரு தடவை குத்திப் பார் என்பேன். அக்காவுக்கு எவ்வளவு அனுபவம் என்று வியந்துகொண்டே போவார்கள். அந்த அனுபவமெல்லாம் ஒரே நாளில், ஒரே கோயிலில், நூற்றிருபது பேர் முன்னிலையில் கிடைத்தது என்பதை நான் சொல்வதில்லை.

பதினோரு வருஷம் ஆகிறது. அப்பா தவறிய பிறகு என் தங்கை அமலாவின் கல்யாணத்தை அம்மாவும் நானும்தான் எடுத்து நடத்தினோம். அம்மாவுக்கு அழுவதற்கே நேரம் சரியாக இருந்ததால் (சந்தோஷ அழுகைதான், ஆனாலும் அழுகை அழுகைதானே) வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. அப்போது நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் தெரியும் என்கிற ஒரே காரணத்தால், உலகத்தில் தாள் சம்பந்தப்பட்ட எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு.

மாப்பிள்ளை லூர்துராஜ் மோகனூர்ப் பக்கத்துக்காரர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் சூப்பர்வைசர். வரைபடத்தில் ஓர் அடி என்று போட்டிருந்தால் அவருக்கு ஓர் அடிதான், அதற்கு மேலே ஒரு நூல் கூடக் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு மேசை ஆடுவதைக் கவனித்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அதன் காலுக்கடியில் ஓர் அட்டையை அளவாக மடித்து வைத்துவிட்டார். அமலாவுக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. எனக்கு மட்டும், இந்த ஆள் கொஞ்சம் அதிகமாகச் சொன்னபடி கேட்கிற ஆளோ என்று ஒரு சந்தேகம். பின்னால் அந்த நல்ல குணத்தின்மேல்தான் நான் என் தப்பைத் தூக்கி வைக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத் திருப்பலிக்கென்று ஒரு சின்னப் புத்தகம் போடுவோம். அட்டையில் பெண் மாப்பிள்ளை பெயர், உள்ளே பாட்டுகள், செபங்கள், எங்கே எழுந்திருக்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்கிற விவரம், நடுவில், இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் உண்மையாக இருப்பேன் என்று மணமக்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு. வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருக்கும். எல்லாரும் இதை அச்சகத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். நான் நெட்டில் இரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு பைண்டிங் மிஷினையே வரவழைத்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அதையே வைத்து ஒரு தொழில் தொடங்கலாம் என்றும் திட்டம். பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன். (சொல்ல மாட்டேன். அதுவே தனி அவமானம்.)

மிஷின் எளிமையானதுதான். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. தாளின் ஓரத்தை மேலே உள்ள பிளவில் விட்டுக் கைப்பிடியை அழுத்தினால் ஓரம் முழுக்கச் சதுரம் சதுரமாக ஓட்டை விழும். பிறகு சீப்பு மாதிரியான பிளாஸ்டிக் வளையத்தின் பற்களை விரித்து, அந்த ஓட்டைகளில் மாட்டி மூடிவிட வேண்டியது. ஓட்டை ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே விழ வேண்டும் என்று வைக்க ஒரு திருகு இருந்தது. தாள் நகராமல் நிறுத்த ஒரு தடுப்பும் இருந்தது. இதையெல்லாம் விளக்கி நாலு பக்கத்தில் ஒரு தாளும் உடன் வந்தது. அந்த நாலு பக்கத்தை கம்பெனிக்காரனே பைண்டிங் செய்யாமல் வெறும் பின் அடித்து அனுப்பியிருக்கிறானே, இவன் என்ன நமக்குச் சொல்லித் தருவது என்று தூக்கிப் போட்டேன். மேசைக் காலுக்கடியில் மாப்பிள்ளை வைத்த அட்டைக்குத் துணையாக அதுவும் போய்ச் சேர்ந்தது.

அமலா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சேலை நிறத்தில் தலையிட்டாள், நகையில் தலையிட்டாள் என்று எதுவும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, எல்லாத்தையும் நீயே பண்ணு. பீடத்துக்கிட்ட நாங்க கையில வச்சு வாசிக்கிற அந்த ஒரு புத்தகத்தை மட்டும் கடையில குடுத்துடலாமே."

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"இருக்கு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் விட்டிருக்கலாம். நான் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விருந்தினர் புத்தகங்கள் நூற்றிருபதையும் இரண்டு நாளில் முடித்தேன். முதல் பத்தில் வளையத்தைத் திருப்பி மாட்டி, மூடுகிற பிளவு முன்பக்கம் வந்து, திறந்தால் முதல் தாளே கழன்று கையோடு வந்தது. மூன்றில் ஒரு தாள் தலைகீழாக இருந்தது. ஆனாலும் மெல்லிய தாள் என்பதால் மொத்தத்தில் பார்க்கும்படி அமைந்துவிட்டன. அதில்தான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. மணமக்கள் புத்தகத்தை சும்மா விடக் கூடாது என்று சந்தன நிறத்தில், அட்டை போல விறைப்பான தாள் வாங்கி, எழுத்தை மெரூன் நிறத்தில் அடித்து வந்தேன். வாக்கு வருகிற பக்கத்தை மட்டும் அழகுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்தேன். இடது பக்கம் இன்பம், வலது பக்கம் துன்பம். அதற்கடியில் இடது பக்கம் உடல்நலம், வலது பக்கம் நோய். தாளின் முன்பக்கம் மாப்பிள்ளையின் வாக்கு, அதே தாளின் பின்பக்கம் பெண்ணின் வாக்கு. தாளின் விளிம்பு வரைக்கும் எழுத்தைக் கொண்டுபோனேன். பைண்டிங் ஓரத்துக்கு இடம் விட வேண்டும் என்பது அந்த இரண்டு நிமிட வீடியோவில் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் அதை பைண்டிங் செய்ய உட்கார்ந்தேன். கெட்டித் தாளை இரண்டிரண்டாகத்தான் வைக்க வேண்டும். நான் எல்லாத் தாளையும் சேர்த்து உள்ளே திணித்தேன். கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது. எழுந்து நின்று என் முழு எடையையும் அதன்மேல் போட்டேன். (என் எடை அப்போது குறைவு, ஆனாலும் கௌரவமான எடைதான்.) ஓட்டை பாதி விழுந்தது, பாதி கிழிந்தது. சரி, இன்னும் கொஞ்சம் உள்ளே குத்தினால் கிழிசல் மறைந்துவிடும் என்று திருகைக் கடைசி வரை திருப்பி மறுபடியும் குத்தினேன். இரண்டு ஓட்டையும் ஒன்றாகிச் சின்னச் சின்ன ஜன்னலாயிற்று. கையிருப்பில் இருந்த வளையமோ மெல்லிய புத்தகத்துக்கானது. அதற்குள் இத்தனை கெட்டித் தாளை அடைத்ததும் புத்தகம் விரிய மறுத்து, வாயை இறுக்கிக்கொண்டது.

புரட்டிப் பார்த்தேன். இங்கேதான் நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாத பாதி ஆரம்பிக்கிறது. நான் பார்த்தேன். மாப்பிள்ளையின் பக்கத்தில் இடது பத்தி முழுக்க ஓட்டைக்குள் போயிருந்தது. இன்பத்தில் ஒரு 'லும்', உடல்நலத்தில் ஒரு 'லும்' மட்டும் மிச்சம், அதுவும் வளையத்தின் மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. வேறு தாள் இல்லை. ஆனால் கடைவீதி நடக்கிற தூரம்தான், மத்தியானம்தான், கடை திறந்துதான் இருந்தது. போயிருக்கலாம். போனால் அமலா எங்கே போகிறாய் என்று கேட்பாள், கடையில் கொடுத்திருக்கலாமே என்று அவள் கேட்காமல் கேட்பாள். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு இந்த நாலு வார்த்தை மனப்பாடமாக இருக்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புத்தகத்துக்கு வெள்ளை ரிப்பன் கட்டினேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை.

மிஷினுக்கடியில் ஒரு தட்டு உண்டு, ஓட்டையில் விழுகிற தாள் துண்டுகள் அதில் சேரும். அதை அவ்வப்போது கொட்ட வேண்டும் என்பதும் ஒரு முக்கியமான புத்தி. நான் கொட்டினேன். சந்தன நிறத்தில் பொடிப்பொடியாகப் பார்க்க நன்றாக இருந்ததால், மறுநாள் கோயில் வாசலில் மணமக்கள்மேல் தூவுவதற்கு வைத்திருந்த ரோஜா இதழ்க் கூடையில் கொட்டினேன்.

கோயிலில் நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒத்திகையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய மாதம் வேறொரு கல்யாணத்தில் மாப்பிள்ளை உணர்ச்சிவசப்பட்டு வாக்கில் சொந்தமாக நாலு வரி சேர்த்துச் சொல்லிவிட்டாராம். அதில் மாமியார்கூட வந்தாராம். அதனால் பங்குத் தந்தை கண்டிப்பாகச் சொன்னார், புத்தகத்தில் உள்ளதை மட்டும் வாசிக்க வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று. லூர்து, "சரிங்க ஃபாதர்" என்றார். பட்டறையில் புது லாரிக்கு வரைபடம் வாங்குகிற முகம் அது.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் என் புத்தகம். நான் பெண்ணுக்குச் சாட்சி என்பதால் அமலாவின் பக்கத்திலேயே நின்றேன். வாக்குக் கொடுக்கும் நேரம் வந்தது. இருவரும் வலது கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். லூர்துவின் இடது கையில் மட்டும் புத்தகம். ஒரு கையால் அந்தப் புத்தகத்தை யாராலும் விரிக்க முடியாது. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது விரியவில்லை. பிறகு தெளிவாக, மைக்கில், ஒவ்வொரு எழுத்தாக, துன்பத்திலும் நோயிலும் அமலாவுக்கு உண்மையாக இருப்பதாக வாக்குக் கொடுத்தார்.

நூற்றிருபது பேர் கையிலும் முழு வாக்கும் இருந்தது. நூற்றிருபது தலையும் புத்தகத்தைப் பார்த்து, பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தன. பங்குத் தந்தை தணிந்த குரலில், "தம்பி, முழுசா வாசிங்க" என்றார். லூர்து தலையாட்டிவிட்டு மறுபடியும் வாசித்தார். மறுபடியும் துன்பம், மறுபடியும் நோய். இந்தத் தடவை முன்னைவிடச் சத்தமாக. பின்வரிசையில் யாரோ சிரித்ததும், அம்மாவின் அழுகை வேறு சுருதிக்கு மாறியதும் எனக்குக் கேட்டன. கடைசியில் ஃபாதர் தன் புத்தகத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க, லூர்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னார். அமலா தன் முறை வந்தபோது புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. மனப்பாடமாக, தரையைப் பார்த்து, அத்தனையும் சொன்னாள். அவள் காது சிவந்திருந்தது.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. திருப்பலி முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். முறைப்படி வாக்குக் கொடுக்கப்பட்டதற்கு நான் சாட்சி என்று கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது முழந்தாள் பலகைமேல் இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. வாசலில் கூடையிலிருந்து இதழ்களை அள்ளி மணமக்கள் தலையில் எல்லாரையும்விட அதிகமாக நான்தான் தூவினேன்.

பந்தி கோயில் பக்கத்து மண்டபத்தில். பிரியாணி போட்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்போது லூர்துவின் அம்மா என் அம்மாவைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. எம்பையன் இப்புடிப் பண்ணுவான்னு நாங்க நெனச்சே பாக்கலீங்க. ஊட்டுல ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டானுங்க. எதுக்கு இப்புடி வாசிச்சான்னு தெரியலீங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த லெக் பீஸை இலையில் வைத்தேன். இப்போது எழுதும்போதும் என் முகம் சூடாகிறது. "பரவாயில்லைங்க, பதட்டத்துல எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அந்த அம்மாளை நான் மன்னித்தேன். மன்னிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்து, பெரிய மனசு உங்களுக்கு என்றார்.

அந்தப் பக்கம் மணமக்கள் மேசையில் அமலா இலையைத் தொடவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு தடவை கேட்டாளாம். "அதுல அவ்வளவுதானுங்க போட்டிருந்துச்சு" என்று அவர் சொன்னாராம். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள், இதோ இருக்கிறதே, இதோ இருக்கிறதே என்று. சித்தப்பா ஒருவர், காலையிலேயே ஏதாவது போட்டுவிட்டாரோ என்று என் காதில் கேட்டார். லூர்து எழுந்தார். அந்தப் புத்தகத்தை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். மண்டபத்து ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. கோட்டும் சூட்டுமாக, அந்த மனுஷன் ஒவ்வொரு பெஞ்சுக்கடியிலும் குனிந்து குனிந்து தேடினார். கையிலிருந்த செல்போன் விளக்கை அடித்துத் தேடினார். அவர் தேடியது என் மடியில் இருந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்தார், முழங்காலில் தூசு, தலையில் ரோஜா இதழ். அவர் அம்மா மகனுடைய தலையைத் தட்டிவிட ஆரம்பித்தார். இதழ்களோடு ஒரு பொடித் தாளும் வந்தது. அதில் ஏதோ எழுதியிருக்கிறதே, கண்ணாடி இல்லை, என்னவென்று பார் சாமி என்று அமலாவிடம் நீட்டினார். அமலா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சந்தன நிறத் தாள். மெரூன் எழுத்து. அந்த நிறத்தில் ஒரே ஒரு புத்தகம்தான் அடித்தோம் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

நிமிர்ந்து மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் வெறுமனே பார்த்தாள். நான் எழுந்து, எச்சில் கையோடு, பந்திக்கு நடுவே நடந்துபோய்ப் பையைத் திறந்து புத்தகத்தை மாப்பிள்ளை முன்னால் வைத்தேன். வெள்ளை ரிப்பனில் மசாலா ஒட்டியிருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் அமலா.

"நேத்தே தெரியும்" என்றேன்.

நான் அடுத்து எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. லூர்து முதலில் தன் அம்மாவிடம் பக்கத்தைக் காட்டினார். "பாருங்கம்மா, நான் சொன்னனில்லீங்க" என்றார். அந்த அம்மாள் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு லூர்து புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். கல்யாண மாப்பிள்ளை போய்ப் பட்டறை சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"ஏனுங்க அக்கா, ரெண்டு தடவை குத்துனீங்களா?"

ஆமாம் என்றேன்.

"வேஸ்ட் பேப்பர்ல ஒருக்கா குத்திப் பாத்திருக்கலாமுங்களே."

அதோடு விடவில்லை. தாளையெல்லாம் மேசையில் தட்டி விளிம்பைச் சமமாக்கித் தடுப்போடு ஒட்டி வைக்க வேண்டும் என்றார். கெட்டித் தாளை இரண்டு மூன்றாக வைத்துக் குத்த வேண்டும், கைப்பிடி கனக்கிறது என்றால் தாள் அதிகம் என்று அர்த்தம், எடையைப் போடக் கூடாது என்றார். வளையம் புத்தகத்தின் கனத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் பக்கம் படிந்து விரியும் என்றார். அவர் வாழ்நாளில் பைண்டிங் மிஷினைப் பார்த்ததே இல்லை. ஓட்டையைப் பார்த்தே சொன்னார். சுற்றிலும் நூற்றிருபது பேர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். இன்றைக்கு நான் பங்கு மக்களுக்கு அள்ளி வழங்குகிற புத்தியெல்லாம் அந்தப் பந்தியில் கைகட்டி நின்று வாங்கியதுதான்.

பேசிக்கொண்டே தாளைத் திருப்பினார். அங்கே அமலாவின் பக்கம். பின்பக்கத்தில் பைண்டிங் ஓரம் வலது கையில் வருமல்லவா, அதனால் அந்தப் பக்கம் துன்பமும் நோயும் ஓட்டையில் போயிருந்தன. இன்பமும் உடல்நலமும் மட்டும் பத்திரமாக இருந்தன. லூர்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப துன்பமும் நோயும் என் பங்குங்க, இன்பமும் உடல்நலமும் இவங்க பங்குங்க. சரியாத்தானுங்க பிரிச்சிருக்கீங்க" என்றார். மண்டபமே சிரித்தது. சித்தப்பா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அமலா சிரிக்கவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு பஸ் கிளம்பியபோது அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கத்தாரிடம்கூடச் சொல்லிக்கொண்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ஏறிவிட்டாள். தாளில் விழுந்த ஓட்டையை அவள் அன்றைக்கே மன்னித்திருப்பாள். தன் புருஷன் கல்யாணக் கோட்டோடு பெஞ்சுக்கடியில் தேடியபோது நான் பையை அணைத்துக்கொண்டு சாப்பிட்டேனே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கும் இன்று வரை அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மிஷினைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. அமலா, "அக்கா" என்றாள். அடுத்துப் பின்னாலிருந்து லூர்துவின் குரல்தான் கேட்டது, மிஷினை விற்றுவிட வேண்டாம், பட்டறையில் வரைபடங்களெல்லாம் கட்டாமல் கிடக்கின்றன, அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று. நான் ஒழுங்காகச் செய்த முதல் பைண்டிங் லாரி வரைபடம். ஒவ்வொரு தாளையும் வேஸ்ட் பேப்பரில் குத்திப் பார்த்த பிறகுதான் தொட்டேன்.

அந்தக் கல்யாணப் புத்தகம் அவர்கள் வீட்டு ஷோகேசில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது. சரியாக ஒன்று செய்து தருகிறேன், அதை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். கொடுக்க மாட்டார்கள். மிக்ஸி ரிப்பேர் என்றால், மழையில் நின்று கரண்ட் பில் கட்ட வேண்டும் என்றால், அது துன்பக் கணக்கில் லூர்துவின் தலையில் விழும். சினிமாவுக்கு ஒரு டிக்கெட்தான் கிடைத்தது என்றால் அமலா போவாள். விருந்தாளி யார் வந்தாலும் அந்தப் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கத்தையும் காட்டி, கட்டியது இவங்க அக்கா என்று முடிப்பார்கள். பதினோரு வருஷமாக அதே கதை, அதே இடத்தில் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரிப்பேன், பையை மடியில் வைத்திருந்த பகுதியை மட்டும் அவர்களே நாகரிகமாக விட்டுவிடுவார்கள்.

போன வருஷம் அமலாவுக்கு வயிற்றில் கட்டி என்று சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். பெரிய ஆபரேஷன். பன்னிரண்டு நாள். லூர்து பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர்தான். கஞ்சி ஊட்டுவது, தலை வாருவது, மாத்திரை நேரத்தைத் தாளில் கோடு போட்டு எழுதுவது எல்லாம் அவரே. ஒன்பதாம் நாள் காலையில் நான் போனபோது ஸ்டூலிலேயே உட்கார்ந்தபடி கண் அசந்திருந்தார். தாடி வளர்ந்து, சட்டை கசங்கி, பார்க்கப் பாவமாக இருந்தது. எழுப்பி, இன்றைக்கு ஒரு நாளாவது வீட்டுக்குப் போய்ப் படுங்கள் மாப்பிள்ளை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"பரவால்லீங்க அக்கா" என்றார். "புத்தகத்துல என் பக்கம் இதுதானுங்களே இருந்துச்சு."

பத்து வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "மிச்சத்தையும் சேத்து நான் ஒழுங்கா கட்டிக் குடுத்திருக்கணும் மாப்பிள்ளை" என்றேன்.

அமலா கண்ணைத் திறக்காமல், சிரிக்க வைக்காதீர்கள் தையல் இழுக்கிறது என்று முனகினாள். லூர்து போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டார்.

"மிச்சத்தைத்தான் நீங்க அன்னிக்கே எங்க தலையில தூவிட்டீங்களே" என்றார்.